பொட்டுக்கு அடியில் எரிந்த விளக்கு

என் சரசு அக்காவுக்கு,

நீங்கள் போன பிறகு சர்வர் அறைக்கு நான் ஒருத்திதான். ஆர்டர், பேக்கிங் லிஸ்ட், பார்கோடு லேபிள் எல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள்தானே இருக்கிறது. அது நின்றால் கம்பெனியே நின்றுவிடும். நாம் இருவரும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டதை போன வாரம் வரை ஞாயிற்றுக்கிழமையும் போய் நானே பார்த்தேன். அலுப்பாக இருக்கிறது அக்கா.

இந்த ஆயுத பூஜைக்கும் தையல் மெஷின், கட்டிங் டேபிள், ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்தார்கள். அயர்னிங் மாஸ்டர் சர்வருக்கும் ஒன்று வைத்தார். சரியாக அந்தச் சின்ன எச்சரிக்கை விளக்கின் மேல். "இதுக்கும் ஆயுசு கெட்டியா இருக்கட்டுங்க" என்றார். நீங்கள் இருந்தால் மறுநாளே ஈரத்துணியால் துடைத்திருப்பீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை.

பொட்டு காய்ந்து உதிர்ந்த அன்றுதான் பார்த்தேன். அடியில் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை, ஒன்று போனாலும் மற்றது முழுச் சுமையையும் எடுத்துக்கொள்ளும் என்று சொல்வீர்களே, அதில் ஒன்று போயிருந்தது. எப்போது போனதோ? எதுவும் நிற்காததால் யாருக்கும் தெரியவில்லை.

உங்கள் காய்ச்சலும் அப்படித்தான் எங்களுக்குத் தெரியாமல் போனது. ஷிப்மெண்ட் முடியட்டும் என்று தினமும் வந்துகொண்டே இருந்தீர்கள். நீங்கள் விழுந்த பிறகுதான் தெரிந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு திரும்பவில்லை. ஏன் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை?

முதலாளி முன்னால் போய் நின்றேன். எனக்கும் சேர்த்து எப்போதும் நீங்கள்தானே பேசுவீர்கள்.

"ஓடிட்டுத்தான இருக்குது அம்மிணி? கரண்டு போறதுக்கு டீசல் ஊத்தி ஊத்தியே நான் இளைச்சுப் போயிட்டேன்" என்று தொப்பையைத் தடவிக் காட்டினார். அக்கவுண்ட்ஸ்காரர் சிரித்தார்.

"இப்ப ஒண்ணுலதானுங்க ஓடுது. அதுவும் போச்சுன்னா லேபிள் அடிக்க முடியாதுங்க. கண்டெய்னர் கேட்லயே நிக்குமுங்க."

சிரிப்பு நின்றது. "சரி, வாங்கிப் போடு."

நான் நகரவில்லை. "எங்கூட இன்னொரு ஆளும் வேணுமுங்க."

"நீதான் நல்லாச் சமாளிக்கறயே கண்ணு?"

"ஞாயித்துக்கிழமை இனி வரமாட்டனுங்க."

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். அவர் நிமிராமல், "பாக்கலாம், போ" என்றார்.

பவர் சப்ளை வந்தது. ஓடுகிற சர்வரை நிறுத்தாமலேயே மாட்டிவிட்டேன். ஆள்தான் வரவில்லை. இனி வருமா, இல்லை என் வேலைக்கே வேறு ஆள் வருமா? எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் படித்தவள் நான், என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. "இருக்கற வேலையக் கெடுத்துக்காத சாமி" என்கிறாள் அம்மா.

இன்று ஞாயிறு, வீட்டில்தான் இருக்கிறேன். கம்பெனியிலிருந்து போன் அடித்து ஓய்ந்தது. நான் எடுக்கவில்லை. கை சும்மா இருக்க மாட்டாமல் இதை எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி அக்கா. முடியவில்லை என்றால் முடியவில்லை என்று சொல்வேன். விழுந்த பிறகுதான் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்று விடமாட்டேன். இப்போது தூங்கப் போகிறேன்.

உங்களோடு பிறக்காத தங்கச்சி,
கோகிலா