முப்பத்தெட்டு டிகிரியும் நவமியும்

29-9-76, புதன்

காலையில் மழை. மாலையில் வடக்குக் காற்று, வெதுவெதுப்பு. வேலைத்தலத்தில் பம்பு சோதனை அறிக்கை முடிந்தது.

இருட்டுமுன் யோகன் வந்தான். என் மனைவி லீலாவின் தம்பி, முப்பத்தாறு வயது, இன்னும் கலியாணம் இல்லை, பதிலுக்கு ஓர் அமெரிக்கக் கார். வி8 என்ஜின். ஸ்டியரிங்கை இடப்பக்கமிருந்து வலப்பக்கம் மாற்றவே ஓராண்டு. ஞாயிறன்று கார்க் கழகத்தின் கால் மைல் ஓட்டம். இரண்டு வருடம் கேட்டுக் கேட்டு இப்போதுதான் இடம் கொடுத்திருக்கிறார்கள். என்ஜினை நான் பார்த்துத் தர வேண்டுமாம்.

"நானூறு குதிரை வலு, அத்தான்."

"எப்பிடி அளந்தவங்கள்?"

"அதெல்லாம் புத்தகத்திலை கிடக்கு."

புத்தகம் பழையது. அக்காலத்தில் அமெரிக்கர் என்ஜினை வெளியே மேசைமேல் வைத்து, அதைச் சுமைப்படுத்தும் யாவற்றையும் கழற்றிவிட்டு அளந்தார்கள். இப்போது காரில் உள்ளபடியே அளக்கிறார்கள். எண் சட்டென்று இறங்கிவிட்டது. குறைந்ததில் ஒரு பங்கு குதிரை, ஒரு பங்கு பொய். சொன்னேன். யோ. சிரிக்கவில்லை.

30-9, வியாழன்

தெளிந்த வானம். குளிர். பல் வைத்தியரிடம் நேரம் எடுக்க வேண்டும் (மறந்தேன்).

இரவுச் சாப்பாட்டுக்குமுன் பார்த்தவை:
ஸ்பார்க் பிளக் எட்டு – புதியன, இடைவெளி சரி.
கார்புரேட்டர் – சுத்தம். மிதவை சற்று உயரம், சரிசெய்தேன்.
விசிறிப் பட்டி – மாற்ற வேண்டும்.
அமுக்க விகிதம் – பதினொன்றுக்கு ஒன்று. இங்குள்ள சூப்பர் பெற்றோலுக்கு அதிகம்.

கடைசியதுதான் கவலை. பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பொறி விழ வேண்டும். எத்தனை டிகிரி முந்தி என்பதே கேள்வி. முந்த முந்த இழுவை கூடும். ஓர் எல்லையைத் தாண்டினால் பெற்றோல் தன்பாட்டில் வெடித்துப் பிஸ்டனைத் தின்னத் தொடங்கும். என் கணக்கு முப்பத்துநான்கு.

"பாரி முப்பத்தெட்டு எண்டு சொல்லுறான், அத்தான். அவன் எத்தினை வி8 பாத்தவன்."

பாரி, கார் வேகப்படுத்தும் கடைக்காரன். பிஸ்டனில் துளை விழுந்தால் அமெரிக்காவுக்கு எழுதிப்போட்டுப் புதியது வரும் கப்பலுக்குக் காத்திருக்கப் போவது பாரி அல்ல, யோ. அந்த என்ஜின் போனால் யோகன் இரண்டாவது ஒன்று கட்டுவான் என்று நான் நம்பவில்லை.

1-10, வெள்ளி

யோ. விடவில்லை; டைமிங் லைட் பிடித்து முப்பத்தெட்டில் வைத்தேன். (ஒவ்வொரு பொறிக்கும் ஒரு முறை மின்னும் விளக்கு; சுழலும் சில்லிலுள்ள கோட்டை நிற்பதுபோல் காட்டும். இதைவிட நேர்மையான கருவி என்னிடம் இல்லை.) ஒரு நிபந்தனை: நாளை மலையேற்றிப் பார்க்க வேண்டும். ஒப்புக்கொண்டான்.

லீ. குசினியிலிருந்து: "நாளைக்கு நவமி. மத்தியானத்துக்கிடையிலை சாமானெல்லாம் பூசைக்கு வந்திட வேணும்."

ஓம் என்றேன்.

2-10, சனி

வெயில். காற்றில்லை. த பேசின் என்ற அடிவார ஊரைத் தாண்டி மலைப்பாதை. மூன்றாவது கியர், முழு மிதி. மேல் வளைவுக்கு முன் ஒரு சத்தம்: தகரப் பேணிக்குள் சில்லறையைக் குலுக்கியதுபோல், மிக மெல்லியது. இன்னொரு முறை ஏறச் சொன்னேன். மறுபடியும். பெற்றோல் தன்பாட்டில் வெடிக்கிறது.

"கேட்டதோ?"

"ஒண்டும் கேக்கேல்லை, அத்தான்."

முப்பத்துநான்குக்குக் குறைத்தே ஆக வேண்டும் என்றேன், அரைமனதாகத் தலையாட்டினான். வீடு வந்தபோது பிற்பகல். டைமிங் லைட், ஸ்பானர் சாவிகள், இடைவெளி அளக்கும் தகடுகள் எல்லாம் சரஸ்வதி படத்தின் முன் சந்தனம், குங்குமத்தோடு இருந்தன. பக்கத்தில் லீ.யின் தையல் கத்தரிக்கோல், என் மடக்கை அட்டவணை.

"அக்கா, பத்து நிமிசம். லைட்டையும் ஒரு சாவியையும் தாங்கோ."

"வைச்சாச்சு, தம்பி. இனி எடுக்கேலாது."

"அப்ப பக்கத்து வீட்டிலை இரவல் வாங்கிறன்."

"ஆரின்ர சாமானெண்டாலும் வேலை வேலைதானே."

"சரி, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு எடுக்கலாம். பஞ்சாங்கத்திலை ஏழெண்டுதானே கிடக்கு?"

"அது யாழ்ப்பாணத்து ஏழு. இஞ்சை நாலரை மணித்தியாலம் கூட்ட வேணுமாம். சந்திரன் எல்லாருக்கும் ஒண்டுதானாம். உன்ர அத்தான் போன வருசம் முழுக்க எனக்குப் படிப்பிச்சவர்."

படிப்பித்தது உண்மை. நவமி முடியாமல் கருவி எடுக்க விதியில்லை. நவமி இங்கே பதினொன்றரைக்குத்தான் முடிகிறது. என் வாதத்தில் ஓட்டை உண்டா என்று தேடினேன். இல்லை.

யோ.வுக்குக் காலையில் பயிற்சி ஓட்டம். அதை விடு, பின்னேர ஓட்டத்துக்குமுன் நான் வந்து குறைத்துத் தருகிறேன் என்றேன்.

"விட்டா என்ன சொல்லுவாங்கள்? சிலோன்காரன் பயந்திட்டான் எண்டு. உங்கட பஞ்சாங்கத்துக்காக நான் அங்கை பேயன் மாதிரி நிக்கவோ?"

தேத்தண்ணீர் குடியாமல் போய்விட்டான்.

என் மனமும் சரியில்லை. காது ஒரு கருவியன்று. அளவு காட்ட முடியாத ஒன்றை வைத்து அவனுக்குக் கட்டளை இட்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சத்தம் இருந்தது.

3-10, ஞாயிறு

விடியற்காலை ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை, புறப்பட்டிருப்பான்.

காலை முழுவதும் ஒன்றும் ஓடவில்லை. முற்றத்தில் நின்றேன். பத்திரிகையை இரண்டு முறை மடித்தேன். லீ. பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் ஆனதும் அவளே கற்பூரம் காட்டினாள், அவளே கருவிகளைப் பெட்டியில் அடுக்கினாள். "நானும் வாறன். என்ர தம்பி." எங்கள் சின்னக் காரில் ஒரு மணி நேரப் பயணம். அவள்தான் ஓட்டினாள், நான் ஓட்டினால் போய்ச் சேரமாட்டோமாம்.

வரிசை வரிசையாகக் கார்கள், ரப்பர் கருகிய மணம். யோ. பொனெட்டை மூடிவிட்டு மடக்குக் கதிரையில் தனியே இருந்தான்.

"ஓடினனியோ?"

"வரிசையிலை நிண்டனான். என்ர முறை வரத் திருப்பிக்கொண்டு வந்திட்டன்." பிறகு, என்னைப் பாராமல்: "அந்தச் சத்தம் எனக்கும் கேட்டதுதான், அத்தான்."

முப்பத்துநான்கில் வைத்தேன். பக்கத்துக் கார்க்காரர் விளக்கிலிருந்த சிவப்பைப் பார்த்து இரத்தமா என்றார். லீ.: "நோ, நோ. ஒன்லி ப்ரேயர்."

ஒரே ஓட்டம். முடிவுப் பட்டியலில் நடுவே ஓரிடம். பெருமையடிக்க ஒன்றுமில்லை. என்ஜின் கடைசிவரை சுத்தமாகப் பாடியது.

சூடு தணிந்ததும் பிளக்குகளைக் கழற்றினேன். ஏழு நல்ல நிறம். ஆறாவதன் வெள்ளைப் பீங்கானில் ஊசிமுனையளவு வெள்ளிப் புள்ளிகள், மூன்று. பிஸ்டனின் அலுமினியம். மலையில் தின்னத் தொடங்கியது. இன்று காலை ஓடியிருந்தால் முடித்திருக்கும். அவன் கையில் கொடுத்தேன். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தான். புதிய பிளக் ஒன்று போட்டோம்.

"நீங்கள் ஓட்டுங்கோ, அத்தான். எனக்கு இண்டைக்குப் போதும்."

நானூறு குதிரையை நான் இதுவரை ஓட்டியதில்லை. சட்டம் மணிக்கு நூறு கிலோமீற்றர், நான் எண்பத்தைந்துக்குமேல் போகவில்லை, மிதிக்கவும் மனம் வரவில்லை. யோ. கண்ணை மூடிக்கொண்டு என்ஜினைக் கேட்டுக்கொண்டே வந்தான். டண்டினோங் ஊருக்கு இப்பால் பின்னாலிருந்து ஹோர்ன் அடித்தது. லீலா சின்னக் காரில் எங்களை முந்திக்கொண்டு போனாள்.