பாயசத்தில் கரைந்த ஜவ்வரிசி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீங்கள் போய் ஒரு வருசத்துக்கு மேலாச்சு. நம் ஜவ்வரிசிப் பட்டறை நடக்கிறதுங்க. இப்போது வெண்ணந்தூர்ப் பக்கமிருந்தும் மரவள்ளிக்கிழங்கு வண்டி வருகிறது.

உலகச் சண்டையில் கப்பல் நின்று சீமை ஜவ்வரிசி வராமல் போனபோது, "நம்ம குச்சிக்கிழங்குல செஞ்சு பார்த்தா என்னங்க மச்சான்?" என்று கேட்டது நீங்கள்தான். தங்கையைக் கட்டியவர் கேட்கிறாரே என்றுதான் கூட வந்தேன். நம்பிக்கையெல்லாம் அப்புறம் வந்தது.

செவ்வாய்ப்பேட்டை மளிகைக்காரர் முதல் சரக்குக்கு அவசரப்படுத்தினார். நீங்கள் கிழங்கு பார்க்கப் போயிருந்த அன்று, சரியாக வறுபடாத உருண்டைகளைச் சட்டியிலிருந்து அள்ளி மூட்டை கட்டியது நான். ஒரு கல்யாண வீட்டுப் பாயசத்தில் அது கரைந்து கூழாகிவிட்டது.

"இது யாரு பார்த்த பதமுங்க?" என்றார் மளிகைக்காரர்.

"மாப்பிள்ளை பார்த்ததுங்க" என்றேன்.

பக்கத்தில்தான் நின்றீர்கள். என்னை ஒரு தரம் பார்த்தீர்கள். "ஆமாங்க, என் கையிலதான் தப்பிப்போச்சு" என்றீர்கள். கல்யாண வீட்டுக்கும் நீங்களே போய் மன்னிப்புக் கேட்டீர்கள். ஏன் மறுக்கவில்லை?

நான் வாயைத் திறக்காததால், மாவு கழுவும் விதத்தை மாற்றினோம், சல்லடையை மாற்றினோம். நான் அவசரப்பட்ட அடுப்பை யாரும் பார்க்கவில்லை. இன்னும் இரண்டு தடவை சரக்கு கெட்டது. புதுத்தொழிலில் சரக்கு கெடத்தான் செய்யும். கெடுத்தது யாரென்று மறைத்தால், எங்கே கெட்டது என்பதும் மறைந்துபோகிறது. இதை நான் புரிந்துகொள்வதற்குள் விஷக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

போன தை மாசம் தங்கையிடம் சொல்லிவிட்டேன். "அன்னைக்கு ஊட்டுக்கு வந்து அவரு சோறே திங்கலீங்ண்ணா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் காலையில் பட்டறைக்கு வந்து நின்றாள். "அடுப்பை இனி நான் பார்த்துக்கறேன். நீங்க அவசரக்காரரு."

இப்போது அவள் ஓர் உருண்டையைக் கடித்துப் பார்த்துச் சரியென்றால்தான் சட்டி இறங்கும். சரக்கு கரைவதில்லை.

மளிகைக்காரரிடமும் சொன்னேன். "இப்ப எதுக்குங்க அது?" என்று அடுத்த மூட்டையைப் பிரித்தார்.

உங்கள் மகளுக்கு விவரம் தெரிகிற வயசு நெருங்குகிறது. முதல் சரக்கைக் கெடுத்தவர் உங்கப்பன் என்று ஊரில் யாராவது அவளிடம் சொல்லக்கூடும். அதற்கு முன்னால் நானே அவளை எதிரே உட்காரவைத்து, கெடுத்தது உன் மாமன்தான் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
அன்று உண்மை பேசாத உங்கள் மச்சான்,
நாச்சிமுத்து