வலையும் ஆமையும் அறுபடாமல்

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை கம்பெனிக்கு முதல் முறையாக நைலான் நூல் வந்தது. அட்டைப்பெட்டிகளைப் பிரித்ததும் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பட்டு மாதிரி இருக்கிறது, தண்ணீரில் கிடந்தாலும் மக்காதாம் என்று பேசிக்கொண்டார்கள். நானும் ஒரு இழையை விரலில் சுற்றி இழுத்தேன். நூல் அறுபடவில்லை. விரல்தான் கன்றிச் சிவந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே உங்கள் ஊர்க் கடற்கரை கண்முன் வந்துவிட்டது.

நீங்கள் கல்யாணமாகித் திருப்பூர் ராயபுரத்துக்கு வந்து, எங்கள் பனியன் கம்பெனியில் என் பக்கத்து இடத்தில் உட்கார்ந்தபோது, உங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துப் பேச்சு எங்களுக்குப் பாதிதான் புரிந்தது. என் பேச்சு யாருக்குமே கேட்டதில்லை. அம்மா படுக்கையில் விழுந்ததால் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு வந்தவள் நான். குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூட எனக்குக் கூச்சம். "நீ தலைய மட்டும் ஆட்டுளா, மிச்சத்த நான் பேசிக்கிடுதேன்" என்றீர்கள். அப்படியே நடந்தது. மேஸ்திரியிடம் எனக்கு லீவு கேட்டதுகூட நீங்கள்தான்.

துணியில் பின்னல் கண் விட்டுப்போன இடத்தைத் தேடி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு கண்ணாக ஏற்றிச் சேர்ப்பது நம் இருவருக்கும் வேலை. கை அதைச் செய்யும்போது உங்கள் வாய் கடலைச் சொல்லும். பங்குனி மாதம் முட்டையிடக் கரையேறும் ஆமைக்குப் பங்குனி ஆமை என்று பெயர், அது மணலில் ஏறிப்போன தடம் மாட்டுவண்டி போன தடம் மாதிரி இருக்கும் என்பீர்கள். எதிரே இருந்த பல்லடத்துப் பெண், "ஆமைக்கு ஆரு வண்டி கட்டிக் குடுத்தாங்க?" என்று கேட்டுச் சிரிப்பாள். நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். ஆனால் ஒரு நாள் மட்டும் குரலை இறக்கி, "சின்ன வயசுல கரை பூராவும் தடமாக் கெடக்கும். இப்பம் போனா ஒண்ணுகூடக் காங்கல" என்றீர்கள்.

போன வருடம் பங்குனி உத்திரத்துக்கு அப்பா எங்களைத் திருச்செந்தூர் கூட்டிப்போனார். நீங்களும் தாய்வீட்டுக்கு என்று கூடவே வந்தீர்கள். மறுநாள் காலை, தடம் காட்டுவதாகச் சொல்லி என்னை உங்கள் ஊருக்கு அழைத்தீர்கள். அப்பா யோசித்துவிட்டு, "அந்தப் புள்ளகூடத்தானே, போயிட்டு வா கண்ணு. வெயில் ஏர்றதுக்குள்ள வந்துரு" என்றார்.

கரை நெடுக நடந்தோம். தடம் எதுவும் இல்லை. கிழிந்த நைலான் வலைத் துண்டுகள்தான் மணலில் பாதி புதைந்து கிடந்தன. ஒன்றில் நண்டுகள் மாட்டியபடியே காய்ந்திருந்தன. பருத்தி வலை என்றால் மக்கி மண்ணாகிவிடும், இதைத் தூக்கிப் போட்டாலும் இது பிடித்துக்கொண்டே கிடக்கிறது என்று சொல்லி நீங்கள் அதைக் காலால் உதறினீர்கள்.

அப்போதுதான் உங்கள் தம்பியின் படகருகே கூட்டத்தைப் பார்த்தோம். அவர் வாங்கிய புது நைலான் வலையில், கழுத்தும் முன் துடுப்புகள் இரண்டும் சுற்றிக்கொண்டு ஒரு பெரிய ஆமை கிடந்தது. நாலு பேர் நாலு பக்கமும் வலையை இழுத்துப் பிடித்திருந்தார்கள். இழுக்க இழுக்க நூல் துடுப்புக்குள் இறங்கியது. இறைச்சிக்கு ஆமை வாங்கும் வியாபாரி ஒருவர் தள்ளுவண்டியோடு நின்றார். தம்பி கையில் கத்தி இருந்தது.

"ஏல, வெட்டாத. முட்டையோட வந்திருக்கு" என்றீர்கள்.

"வலைய வெட்டச் சொல்லுதியாக்கா? இது போச்சுன்னா நான் எத வச்சுக் கடலுக்குப் போவேன்? துடுப்ப வெட்டுனா வலை தானா வந்திரும்."

"துடுப்பு இல்லாம அது எப்படிலே நீந்தும்?"

"அது வண்டியிலதான போவப்போவுது, நீந்தவா போவுது" என்றார் வியாபாரி.

உங்கள் முகத்தைப் பார்த்தேன். பேச உங்களிடம் வார்த்தை தீர்ந்துபோனதை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். ஆமை வாயைத் திறந்து பெருமூச்சு விட்டது, வயதான மனிதர் விடுவது போல. எனக்கு நாக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ரெண்டையும் வெட்ட வேண்டாமுங்க. நான் அவுத்துப் பாக்கட்டுங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். நீங்களும்தான். தாவணியில் ஊக்கோடு சேர்த்துச் செருகியிருந்த கொக்கி ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் முட்டாள்தனம்தான் செய்தேன். பனியன் துணி என்றால் கடைசியாகப் பின்னிய பக்கத்தில் நூல்நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும், சரசரவென்று மொத்தமும் பிரிந்துவிடும். அந்த நினைப்பிலேயே வலையின் ஓரத்தில் நுனியைத் தேடினேன். தம்பி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இது பனியன் இல்ல. கண்ணுக்குக் கண்ணு முடிச்சு போட்டிருக்கு. நுனியப் புடிச்சு வருசம் பூரா இழுத்தாலும் பிரியாது" என்றார். கூட்டம் சிரித்தது. "இந்தப் பிள்ள அவுக்கதுக்குள்ள ஆமை செத்து நாறிரும்" என்று வியாபாரி சொன்னார்.

முகம் சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். நீங்கள் உங்கள் சேலைத் தலைப்பைக் கடல் தண்ணீரில் நனைத்து ஆமையின் கண்ணை மூடிவிட்டு, என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தீர்கள், கம்பெனியில் உட்காருவது போல. எனக்கும் கம்பெனியில் உட்கார்ந்திருப்பது போலவே ஆனது. அங்கே ஒரு கண் இறுகினால் நாம் அதை இழுப்பதில்லை. பக்கத்துக் கண்களிலிருந்து நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் பக்கம் தள்ளுவோம், அதுவாக வாய் திறக்கும்.

"இழுக்காதீங்க. எல்லாரும் கைய விடுங்க. வலைய இந்தப் பக்கமாக் கொண்டாந்து குமிங்க" என்றேன்.

நாலு ஆண்கள் நான் சொன்னதைக் கேட்டு வலையைத் தளரவிட்டார்கள். குவிந்த வலையைத் துடுப்பை நோக்கித் தள்ளத் தள்ள, இறுகிய கண் ஒன்று லேசாக விலகியது. ஊசியை உள்ளே விட்டு, துடுப்பில் இருந்த நகத்தைத் தாண்டி அதைக் கழற்றினேன். பிறகு அடுத்தது. நீங்கள் தளர்த்திக் கொடுத்தீர்கள், நான் கழற்றினேன். பாதியில் உங்கள் தம்பியும் கத்தியை மணலில் செருகிவிட்டு வந்து உட்கார்ந்தார். கழுத்தில் இருந்த கடைசிச் சுற்றை அவரே எடுத்தார். வலையில் ஒரு கண்கூட அறவில்லை.

ஆமை கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதோ என்று பயந்து முதுகைத் தொட்டேன். அது ஒரே தள்ளாக மணலைத் தள்ளி நகர்ந்தது. துடுப்பு என் உள்ளங்கையில் அடித்துவிட்டுப் போனது. ஓர் அலை வந்து அதை ஏந்திக்கொண்டது. தம்பி வியாபாரியைப் பார்த்து, "வெறும் வண்டிதான அண்ணாச்சி, லேசாத் தள்ளிட்டுப் போயிருவேரு" என்றார். நீங்கள் என்னை அங்கேயே மணலில் தூக்கிச் சுற்றினீர்கள். வெயில் ஏறிய பிறகுதான் அப்பாவிடம் திரும்பினோம். அவர் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

ஆடியில் உங்களுக்கு மஞ்சள் காமாலை வந்தது. தாய்வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வருவீர்கள் என்று உங்கள் இடத்தில் யாரையும் உட்கார விடாமல் என் சாப்பாட்டுத் தூக்கை வைத்திருந்தேன். செய்தி வந்த அன்று மேஸ்திரி அதை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இந்த வைகாசி விசாகத்துக்கு மறுபடியும் திருச்செந்தூர் போனோம். அதற்குப் பின் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

உங்கள் தம்பி தேடி வந்து எங்களை விடியலிலேயே கரைக்கு அழைத்துப்போனார். ஓரிடத்தில் உடைமர முள் வெட்டி நட்டு, அதன்மேல் கிழிந்த நைலான் வலைகளைக் கட்டியிருந்தார். கரையில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி வந்து, நாயும் நரியும் தோண்டாமல் முட்டைக்கு வேலி போட்டிருக்கிறார். "பங்குனியில தடம் கெடந்திச்சு தங்கச்சி. வண்டித்தடம் மாதிரி. யக்கா இருந்திருந்தா ஊரையே கூட்டியிருப்பா" என்றார். நாங்கள் நிற்கும்போதே மணல் அசைந்தது. உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வந்தன. வேலியைத் திறந்துவிட்டோம். காக்கைகள் இறங்கின. அப்பா தோள்துண்டை உருவிச் சுழற்றிக்கொண்டு, "முருகா, முருகா" என்று கரைக்கும் தண்ணீருக்குமாக ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை.

அந்தப் பருவத்தில் வலையில் மாட்டிய ஆமைகளை உங்கள் ஊர்க்காரர்கள் அன்று நாம் செய்தது போல அவிழ்த்து முழுசாகவே அனுப்பியிருக்கிறார்கள். அதற்குத் திருப்பூர் அவுப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அக்கா. பக்கத்து ஊரிலிருந்து சிலர் அதைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார்கள். "கடல் இரையுதுல்லா, சத்தமாச் சொல்லு" என்று தம்பி வலையை என் முன்னால் விரித்தார். சொன்னேன். புரியவில்லை என்றவருக்கு மறுபடியும் சொன்னேன். ஒருவர் பழக்கத்தில் வெடுக்கென்று இழுத்தபோது, "இழுக்காதீங்கன்னு சொன்னனில்லீங்க" என்று அதட்டியும்விட்டேன். அவர் பயந்து கையை எடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இங்கே திருப்பூரில் கடல் கிடையாது. ஆனால் இந்த நேரத்தில் உங்கள் கடலில் எங்கோ ஒரு படகில், ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வலையைத் தளர்த்திக்கொண்டிருக்கலாம். அந்த நினைப்பு எப்போதும் என்னோடு இருக்கிறது, அக்கா. அதோடுதான் தினமும் கம்பெனி வாசலில் தலை நிமிர்ந்து நுழைகிறேன்.