முன்னிருக்கையில் ஒரு சுக்கினி

மார்ச் 4, செவ்வாய்

மாண்புமிகு நாட்குறிப்பு அவர்களுக்குப் பணிவான வணக்கம். பிப்ரவரியின் பிற்பாதி முழுவதும் தங்களைத் திறந்துகூடப் பாராதிருந்தமைக்கு வருந்துகிறேன். தக்காளிகள் அனைத்தும் ஒரே வாரத்தில் பழுத்துத் தொலைத்தன. அவற்றைக் கொதிக்கவைத்துப் புட்டியில் அடைத்ததில் விரல்கள் வெந்து, பேனா பிடிக்க இயலவில்லை. தாமதத்தைப் பொறுத்தருள்க.

மார்ச் பிறந்ததும் எங்கள் தென்கோளத்தில் கோடை விடைபெற்றுவிட்டது. விடியலில் மூச்சு புகைகிறது. பள்ளியின் ‘நலமான குடும்பம்’ குழு, இலையுதிர்காலத்தில் குறைந்த செலவில் குடும்பத்தோடு மகிழப் பத்து வழிகள் என்று ஒரு துண்டறிக்கை வெளியிட்டிருக்கிறது. முதல் வழி, திராட்சைத் தோட்ட விடுதியில் ஒரு நாள் தங்குதல். நான்காம் வழி, குதிரையேற்றம். குறைந்த செலவு என்றால் எவருடைய செலவைவிடக் குறைந்தது என்பது அதில் சொல்லப்படவில்லை. குழுவின் தலைவியான ஆசிரியை மிஸ் ஃபென்விக்கிடம் இதைப் பணிவுடன் சுட்டிக்காட்டினேன்.

“அப்போ நீங்களே வந்து பேசுங்களேன் ஹெஸ்டர். உங்களவிட சிக்கனமா இந்த ஊர்ல யாரு இருக்கா?”

புகழ்ச்சியா, குத்தலா? புகழ்ச்சியென்றே ஏற்றுக்கொண்டேன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, நடமாடும் நூலக வண்டியின் படிக்கட்டில் உட்கார்ந்து கல்வி கற்ற ஒருத்தியைப் பள்ளியே பேச அழைக்கிறது!

பால் மறுபடியும் தீர்ந்துவிட்டது. தேநீரில் இப்படியா ஊற்றுவது என்று கணவர் கோலிடம் கேட்டேன். “நான் கறுப்பு டீதான குடிக்கிறேன்” என்கிறார். இருபது ஆண்டுகளாக மரலாரி ஓட்டும் மனிதர் எதையும் நேராகப் பார்த்துச் சொல்லப் பழகியவர். ஆனாலும் நான் நம்பவில்லை.

மார்ச் 6, வியாழன்

உரை இனிதே நிறைவுற்றது. காய்ந்த ரொட்டிக்கு மறுவாழ்வு, ஒரு கோழியில் மூன்று இரவு உணவு, விலையில்லாத உல்லாசங்கள் என்று படிப்படியாக எடுத்துரைத்தேன். இறுதியில் சுக்கினியைத் தொட்டேன். நம் சுரைக்காயின் பச்சைப் பங்காளிதான் அது. ஒரு செடி வைத்தால் ஒரு படைக்குச் சோறு போடும்.

“எங்கள் தோட்டத்தில் விளைந்தது எங்கள் மேசையிலேயே முடியும். ஒரே ஒரு சுக்கினியைக்கூட நாங்கள் அடுத்தவர் தலையில் கட்டியதில்லை” என்று முழங்கினேன்.

பலத்த கைதட்டல். கடைசி வரிசையில் பக்கத்து வீட்டு நோலின் மட்டும் நெடுநேரம் இருமினாள்.

மார்ச் 9, ஞாயிறு

விலையில்லாத உல்லாசம்: சாலையோரப் புதர்களில் கருநாவல்போன்ற முட்பழம் பறித்தல். கிடைத்தது அரைக் கிண்ணம். கிழிந்தது மகள் டெஸ்ஸாவின் புதுக் காலுறை. “கடைல வாங்கியிருந்தா இதவிட மலிவும்மா” என்றாள். ஒன்பது வயதில் இவ்வளவு கணக்கு ஆகாது.

மார்ச் 11, செவ்வாய் – விடியல்

தங்களிடம் மட்டும் ஓர் உண்மை.

சுக்கினி சூப், சுக்கினி அடை, சுக்கினி ரொட்டி, சாக்லேட் கேக்கிலும் மறைந்திருக்கும் சுக்கினி. நேற்றிரவு கோல் தட்டைப் பார்த்து, “ஹெஸ்டர், என் உள்ளங்கை பச்சையாயிடுச்சா பாரு” என்றார். தோட்டமோ அடங்கவில்லை.

இவ்வூரில் வீட்டுக் கதவை எவரும் பூட்டுவதில்லை. ஆனால் மார்ச் வந்தால் காரைப் பூட்டாதவர் எவரும் இல்லை. பூட்டாத காரின் இருக்கையில் காலையில் சுக்கினி அமர்ந்திருக்கும். வைத்தவர் சொல்வதில்லை, பெற்றவர் கேட்பதில்லை. பெற்றவர் மறுநாள் வேறொரு காரைத் தேடுவார். பாட்டன் காலத்து நெறி.

இன்று இருட்டு பிரியும் நேரத்தில் தண்ணீர்த்தொட்டியின் பின்னால், வைக்கோல்மேல் ஓர் அசுரனைக் கண்டேன். கன்றுக்குட்டி படுத்திருப்பதுபோல் இருந்தது. இவ்வளவு பெரியதைச் சமைத்தால் ஈஸ்டர் பண்டிகை வரை சூப்தான். கைவண்டியில் ஏற்றித் தெருமுனை வரை தள்ளினேன். கடைக்காரர் டக் ஹாலரனின் பச்சை பிக்கப் வண்டி பூட்டாமல் நின்றது. முன்னிருக்கையில் அமர்த்தி, வளைவில் உருண்டுவிடக் கூடாதே என்று இருக்கைப் பட்டையும் மாட்டினேன். எதைச் செய்தாலும் ஒழுங்கு வேண்டும்.

அதே நாள், மாலை

என்ன செய்துவிட்டேன்.

டெஸ்ஸா பள்ளியிலிருந்து வந்ததும் நேராகத் தொட்டிக்குப் பின்னால் ஓடினாள். பிறகு ஓர் அலறல். அது அவளுடையது. சனிக்கிழமை அறுவடைக் கண்காட்சியில் சிறுவர் பிரிவு எடைப் போட்டிக்காக ஜனவரியிலிருந்து வளர்த்திருக்கிறாள். ஜெரால்ட் என்று பெயர். தோலில் ‘டெ’ என்று கீறி, அந்த எழுத்தும் கூடவே வளர்ந்ததாம். கிண்ணத்திலிருந்து தண்டுக்குத் திரி போட்டுப் பால் ஊட்டியிருக்கிறாள். பால்!

“பால் எங்க போச்சுன்னு இப்பத் தெரியுதா?” என்றார் கோல். இது சிரிக்கும் நேரமா?

“என்கிட்ட ஏன்டி சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ சூப் வெச்சிருப்ப.”

அடுப்பிலிருந்த சூப் பானையை மூடினேன்.

“யார்கிட்டக் குடுத்த?”

“ஒருத்தர்கிட்ட.”

“யார்கிட்டம்மா?”

“அது... அவருக்கே தெரியாது.”

கதவு சாத்தப்பட்டது. வெள்ளி மாலையோடு போட்டிப் பதிவு முடிகிறது.

மார்ச் 12, புதன்

டக்கின் கடைக்குச் சென்றேன்; ஊர்த் தபால் நிலையமும் அதுவே. ஏதேனும் ஒரு காய் தங்கள் வாகனத்தில் தற்செயலாகத் தென்பட்டதா என்று வினவினேன்.

“காயா? என் வண்டிலயா? நான் பூட்டாம விட்டதே கிடையாதும்மா.” என் முகத்தைப் பார்க்காமல் தாளிலிருந்து தபால்தலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தார். வாங்கியதை ஒப்புக்கொண்டால் வேறெங்கோ தள்ளியதையும் ஒப்புக்கொள்ள வேண்டுமே!

தெரு முழுவதும் கேட்டேன். அத்தனை பேரும் பூட்டியவர்கள். அத்தனை பேரும் நல்லவர்கள். நோலின் மட்டும் வேலியில் சாய்ந்துகொண்டு, “யாரோ வெச்ச காய நீ ஏம்மா தேடற?” என்றாள்.

“ஒரு பொதுநல அக்கறைதான்.”

“அப்படியா! நல்லது, நல்லது.” மறுபடியும் அந்த இருமல்.

இரவு உணவில் டெஸ்ஸா கரண்டியைத் தொடவில்லை. “இதுல அவன் இருக்கானா?” என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 13, வியாழன்

காலையில் தபால் வரும் நேரத்தில் டக்கின் கடையில் பாதி ஊர் நிற்கும். மிஸ் ஃபென்விக்கும் நின்றாள். ‘பெருமதிப்பிற்குரிய ஊர்ப் பெரியோர்க்கு’ என்று தொடங்கி ஓர் உரையை மனனம் செய்திருந்தேன். வாய் திறந்ததும் அதில் ஒரு சொல்லும் வரவில்லை.

“நான்தாங்க வெச்சேன். டக் வண்டில. எம்பொண்ணு வளத்தது, தெரியாம எடுத்துட்டேன். அவ என்கூடப் பேசவே மாட்டேங்குறா. யார்கிட்ட இருந்தாலும் குடுத்துடுங்க. ராத்திரி என் கார் ஊர் மண்டபத்துக்கு முன்னாடி பூட்டாம நிக்கும்.”

 குளிர்பெட்டி மட்டும் முனகியது.

நோலின்தான் பேசினாள். “நீதான்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்மா. சீட்டு பெல்ட்டு போட்டுவிடறது இந்த ஊர்ல நீ ஒருத்திதான்.”

“போன வருசம் எனக்கு வந்ததும் பெல்ட்டோடதான் இருந்துச்சு” என்றார் டக். “ரொம்ப மரியாதையான காய்.”

கடையே குலுங்கியது. மிஸ் ஃபென்விக் தன் கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடினாள். தோள்கள் மட்டும் ஆடின.

பூமி பிளக்கவில்லை. வீட்டுக்கு நடந்தேன்.

மார்ச் 14, வெள்ளி

காலையில் டெஸ்ஸாவை மண்டபத்துக்கு அழைத்துச் சென்றேன். பேசாமல் வந்தாள், மூன்றடி பின்னால்.

பின்னிருக்கை முழுவதும் சுக்கினி. கால் வைக்கும் இடத்தில் சுக்கினி. பின்பெட்டி மூடவில்லை. பூட்டுப் போட்ட கண்ணியவான்கள் ஒருவர் விடாமல் வந்துபோயிருக்கிறார்கள்! ஓட்டுநர் இருக்கையில், கம்பளித் தொப்பி அணிந்து, பட்டை மாட்டிக்கொண்டு ஜெரால்ட். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. ‘டெ’ பத்திரமாக இருந்தது.

டெஸ்ஸா சிரித்த சிரிப்பில் மண்டபத்துப் புறாக்கள் பறந்தன. சிரித்து முடித்துவிட்டு, “இது எல்லாத்தையும் நீதாம்மா சாப்பிடணும்” என்றாள்.

என்னிடம் சொன்னாள். என்னிடம்.

மார்ச் 15, சனி

மூன்றாம் பரிசு. முதலிடம் நோலினின் பேத்திக்கு. “ஊர் சுத்துனதுல இளைச்சுட்டான்” என்று நடுவரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள் டெஸ்ஸா.

மார்ச் 16, ஞாயிறு

ஜெரால்டைச் சூப் வைக்கமாட்டேன் என்று நேற்றிரவு வாக்களித்தேன். டெஸ்ஸா அவனது நசுங்கிய பக்கத்தைத் தடவினாள்.

“அவன் ஊர் சுத்திப் பழகிட்டான்மா. வீட்ல இருக்கமாட்டான்.”

ஆகவே இன்று விடியலில் இருவரும் கைவண்டி தள்ளினோம். புல்லெல்லாம் பனி. ஒரு சக்கரம் கீச்சிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள், நானும் குனிந்தேன். பள்ளியின் பின்புறமுள்ள ஆசிரியர் வீட்டு வாசலில் மிஸ் ஃபென்விக்கின் கார் பூட்டாமல் நின்றது. வேண்டுமென்றே பூட்டாமல் விட்டாளோ?

பட்டையை டெஸ்ஸாதான் மாட்டினாள். தொப்பியையும் சரிசெய்தாள்.

“அம்மா, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வரலாமா?”

துண்டறிக்கையில் பதினோராம் வழியாக இதைச் சேர்க்கச் சொல்லலாம். செலவு ஏதுமில்லை.

நாட்குறிப்பே, என் காரில் இன்னும் ஒரு பின்பெட்டி நிறையக் கிடக்கிறது. உனக்கு ஏதாவது வேணுமா? சீக்கிரம் பதில் சொல்.