குழி விழும் கால்

நவம்பர் 17, திங்கள்

விடியலில் இருந்தே தூறல். மாடியில் காயப்போட்ட வெள்ளைக் கோட்டில் துறைமுகத்து நிலக்கரித் தூசி, மழையில் ஊறிக் கறுப்புக் கோடுகளாக. மறுபடி துவைக்க வேண்டும். துறைமுகத்தைத் திட்டினால் என் வீட்டுக்காரருக்கு முகம் சுருங்குகிறது. அங்கே கிளியரிங் ஏஜென்ட் அல்லவா.

செய்ய வேண்டியவை: ஸ்லைடுகள். கேஸ் சிலிண்டர். வெள்ளிக்கிழமை வகுப்புக்கு ஒரு கால்.

வெள்ளியன்று முதலாமாண்டு ஏ பேட்ச்சுக்கு இதயச் செயலிழப்பும் புதிய சிகிச்சைகளும். அனாட்டமிக்காரி நான் எடுக்கும் வகுப்பு எப்படி இருக்கிறதென்று பார்க்க டீனே வருகிறாராம். அசோசியேட் புரொஃபசர் பதவி ஒன்று, ஆள் இரண்டு. அதில் ஒருத்தி நான்.

இன்று ஒரு பெண் கேட்கிறாள், ஹார்ட் ஃபெயிலியர் என்றால் ஆள் செத்திருக்க வேண்டாமா மேடம் என்று. மூளை வேலை செய்யாமலே நீ நடமாடுகிறாயே என்றேன். வகுப்பே சிரித்தது. அவள் அழுதாள். அழட்டும், இனி மறக்கமாட்டாள்.

ஃபார்மலினில் கிடக்கும் பிணத்தின் காலை அழுத்தினால் நீர் வீக்கக் குழி விழாது. உயிருள்ள கால் வேண்டும். இருக்கிறார், எங்கள் டிசெக்‌ஷன் ஹால் அட்டெண்டர் மிக்கேல் அண்ணாச்சி. இளவயதில் சங்கு குளிக்கப் போனவர், இருபத்திரண்டு வருடமாக எங்கள் பிணங்களோடு. போன வருடக் கோடையில் செருப்பு மாட்ட முடியாத அளவுக்குக் காலில் வீக்கம். இப்போது தினம் ஐந்து மாத்திரை. மதியம் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. மாடிப்படிகூட நிற்காமல் ஏறுகிறார். இப்போது பார்த்தா குணமாக வேண்டும் இந்த மனிதருக்கு?

வீக்கத்தை வடிக்கும் தண்ணீர் மாத்திரையை மட்டும் வெள்ளி வரை நிறுத்தச் சொன்னேன். பிணத்தொட்டியில் இருந்து உடல் தூக்கும் வேலையை விட்டு லைட் டூட்டி கேட்டு அவர் தந்த கடிதம் மூன்று வாரமாக என் மேஜை இழுப்பறையில். வகுப்பு முடிந்ததும் கையெழுத்து என்றேன். சரி மேடம் என்றார்.

நவம்பர் 19, புதன்

மழை இல்லை. புழுக்கம். ஸ்லைடு 31 ஆகிவிட்டது. 20க்குக் குறைக்க வேண்டும்.

காலையில் மி. அண்ணாச்சி தானே வந்து வேட்டியைத் தூக்கிக் காட்டினார். கணுக்காலில் லேசான பளபளப்பு. முத்தையாபுரத்தில் பஸ் ஏறுவதற்குள் மூச்சு வாங்கி இரண்டு இடத்தில் உட்கார்ந்தாராம். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலை நடக்கிறது என்று தகவல் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"ஒரு வருசமா உப்புக்கு வாயக் கட்டிட்டுக் கெடந்தேன் மேடம். நேத்து வீட்டுக்காரி பிலோமிட்ட கருவாட்டுக் கொழம்பு வைக்கச் சொன்னேன். ஸ்பெசிமன் நல்லா இருக்கணும்லா."

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிரிப்புதான் வந்தது. ஹாலில் ஒரு எலும்பு அழுக்காக இருந்தாலும் பொறுக்கமாட்டார், தேய்த்துத் தேய்த்து வைப்பார். அந்தப் புத்தி.

வீட்டில் மதியச் சோறு நான் செய்ததல்ல என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

நவம்பர் 21, வெள்ளி

அபாரம். வேறு சொல் இல்லை.

டீன் முதல் வரிசையில். இதயம் நிற்கவில்லை, இறைக்கத் திணறுகிறது, அவ்வளவுதான் என்று ஆரம்பித்தேன். இறைக்காத ரத்தமும் நீரும் பின்னால் தேங்கும். இடப்பக்கம் திணறினால் நுரையீரலில், வலப்பக்கம் திணறினால் கழுத்து நரம்பிலும் காலிலும். பிறகு மருந்துகள். முன்பு தண்ணீரை வடித்துவிட்டு நாள் எண்ணினோம். இப்போது அதோடு நான்கு மருந்துகள். ஒன்று இதயத்தின் அவசரத்தை அடக்கும். ஒன்று குழாய்களைத் தளர்த்தும், உடம்பே சுரக்கும் நல்ல ஹார்மோனை அழியவிடாது. ஒன்று உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனின் கையைக் கட்டும். நான்காவது சர்க்கரைக்காரர்களின் மாத்திரை; சர்க்கரை இல்லாதவரின் இதயத்தையும் தாங்குகிறது, ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது. நான்கும் சேர்ந்தால் சுருங்க மறந்த இதயம்கூடத் தேறிவரும். நிறுத்தினால் திரும்பவும் விழும். இதையும் நான்தான் சொன்னேன், மைக்கில்.

பிறகு மி. அண்ணாச்சி. மேஜை மேல் உட்காரவைத்தோம். கழுத்து நரம்பு காது மடல் வரை துடிக்கிறது, கடைசி வரிசைக்கும் தெரிந்தது. காலில் விரல் வைத்து எடுத்தேன். அழகான குழி. திங்கட்கிழமை அழுத பெண்ணைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். முப்பது வரை எண்ணினாள், குழி அப்படியே. படுக்கவும் சொன்னேன். படுத்தவர் பாதி நிமிடத்தில் இருமிக்கொண்டு எழுந்தார். "பாருங்கள், நுரையீரலில் தண்ணீர் ஏறினால் படுக்கவே முடியாது." டீன் தலையாட்டினார். பையன்கள் கைதட்டினார்கள். மி. அண்ணாச்சி மூச்சு வாங்கிக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார், அவருக்குத்தான் கைதட்டு என்பதுபோல.

டீன் அறையில் டீ, மக்ரூன். பி பேட்ச்சுக்கும் இதே மாதிரி எடுக்கச் சொன்னார். பதவி எனக்குத்தான், முகத்திலேயே தெரிந்தது.

கடிதத்தில் கையெழுத்துப் போட மறந்துவிட்டேன். திங்கள்.

நவம்பர் 22, சனி

மி. அண்ணாச்சி ஐ.சி.யூ.வில். விடியற்காலையில் வாயில் நுரை தள்ள ஆட்டோவில் கொண்டுவந்தார்களாம். முகத்தில் காற்று முகமூடி.

இதய டாக்டர் வராந்தாவில் கத்திக்கொண்டிருந்தார். "அஞ்சையும் ஒண்ணாச் சேத்து நிறுத்தியிருக்கான் மனுஷன். எந்த மடையன் சொன்னான்னு கேட்டா, நானாத்தான் விட்டேங்கிறான்."

நானும் தலையை ஆட்டி, இந்த ஜனங்களே இப்படித்தான் என்றேன்.

மதியம் திங்கட்கிழமைப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். தண்ணீர் மாத்திரையை மட்டும் என்று எழுதியிருக்கிறேன். பொய். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய். அன்று அவர் எதை நிறுத்த என்று கேட்டார், ஐந்தும் ஒரே டப்பாவில் கிடக்கிறது, அடையாளம் தெரியாது என்றார். பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகியிருக்கும். காபி ஆறிக்கொண்டிருந்தது. எல்லாத்தையும்தான் நிறுத்துங்க, நாலு நாளில் என்ன ஆகிவிடப்போகிறது என்றேன்.

பக்கத்தைக் கிழிக்கவில்லை. கிழித்தால் மட்டும்?

நவம்பர் 23, ஞாயிறு

கனமழை. கல்லூரி வாசலில் முழங்கால் தண்ணீர்.

பிலோமி, அவர் மனைவி, ஐ.சி.யூ. வாசலில் ஈரச்சேலையோடு. கையில் ஜெபமாலை. என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவிய யாரு சொன்னாலும் கேக்க மாட்டாவ. நீங்க சொன்னாத்தான் கேப்பாவ. இனி மாத்திரைய விடக் கூடாதுன்னு நீங்களே ஒரு வார்த்த சொல்லுங்கம்மா."

பக்கத்தில் இதய டாக்டர். அவரோடு உள்ளே போனேன். டாக்டர் காது கேட்க, கொஞ்சம் உரக்கவே கேட்டேன், இப்படியா மாத்திரையை நிறுத்துவீர்கள் அண்ணாச்சி, அறிவு வேண்டாமா என்று.

முகமூடிக்குள்ளிருந்து என்னையே பார்த்தார்.

"தப்புதான் மேடம்."

வீட்டுக்கு வந்தேன். கேவலமாக இருந்தது. குளித்தேன். இருந்தும் தூங்கிவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

வெயில். கோட் காய்ந்தது. சிலிண்டர் வந்தது.

மி. அண்ணாச்சியை வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இதயம் இறைக்கும் அளவு போன வருடத்தைவிடக் கீழே போய்விட்டதாம். இந்த முறை மாத்திரைகள் பழைய மாதிரி தூக்கிவிடுமா என்பது சந்தேகமாம். கடிதத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போனேன். இனி வேலைக்கே வர முடியாதவருக்கு லைட் டூட்டி எதற்கு? மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார், பத்திரமாக.

டீன் ஆபீசில் இருந்து ஃபோன், பி பேட்ச் இன்றைக்குத்தானே என்று. அங்கேயே, அண்ணாச்சி கட்டில் பக்கத்தில் நின்றுதான் பேசினேன். பேஷண்ட் இல்லை சார் என்றேன்.

ஃபோனை வைத்ததும் அவர் போர்வையை முழங்கால் வரை ஒதுக்கினார்.

"இன்னும் முழுசா வடியல மேடம். இன்னைக்கும் குழி விழும். பிள்ளையள இங்கன கூட்டிட்டு வந்திருங்க."

கூட்டிக்கொண்டு போனேன். நாலு நாலு பேராக உள்ளே விட்டேன்.