தாடி திரும்பிய சுங்கான்

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அப்பாவும் நலமாக இருப்பதாக அவரே சொல்லிக்கொள்கிறார், அவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதாமே, கண்டதையும் எடுத்து வாயில் வைக்கும், பார்த்துக்கொள். இங்கே ஒருவருக்கு அறுபது தாண்டியும் அந்தப் பழக்கம் போகவில்லை.

மாரடைப்பு வந்து கிடந்தபோது டாக்டர் சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். இனி ஒரு இழுப்புக்கூடக் கூடாது என்றார், உன் அப்பாவும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் வாய் நமநம என்கிறது, புகையிலை அடைக்காத வெறும் சுங்கானையாவது கடித்துக்கொண்டிருக்கிறேனே என்று ஒரே கெஞ்சல். சரி, பாவம் என்று எங்கள் சுங்கான் பட்டறையில் நல்ல நுரைக்கல்லாகத் தேடி எடுத்து, ஊறவைத்து, தாடிக்காரக் கிழவன் முகம் ஒன்று செதுக்கி, காயவைத்து, தேன்மெழுகில் முக்கிப் பளபளவென்று கொடுத்தேன். பெண்டாட்டிக்கு என்ன கருணை என்று நினைத்திருப்பார். கடைக்காரர்கள் மீர்ஷாம் என்று பெரிய பெயர் வைத்து விற்கிற அந்தக் கல் புகையைக் குடிக்கக் குடிக்க மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், எதைக் கொண்டும் மறைக்க முடியாது. அது வெள்ளையாக இருக்கும்வரை மனிதர் யோக்கியர் என்று அர்த்தம். சம்பளம் இல்லாத காவல்காரனை அவர் வாயிலேயே உட்காரவைத்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

மாதக்கணக்கில் சுங்கான் வெள்ளை வெளேரென்றே இருந்தது. மாடிவீட்டு அம்மாளிடம்கூட இவரைப் போல மன உறுதி யாருக்கு வரும் என்று அளந்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை துடைத்து வைக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் கிழவனின் தாடி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. நான் இடக்கைக்காரி, நான் செதுக்குகிற தாடியெல்லாம் இடப்பக்கம்தான் சாயும், பட்டறையே அதைச் சொல்லிக் கேலி செய்யும். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதருக்கு இது தெரியவில்லை பார். வெள்ளைச் சுங்கான் எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துவிட்டார் மகா புத்திசாலி. மறுநாள் பட்டறையில் என் எதிர் மேஜைக்காரனை, அவன்தான் நம் பஞ்சுத்தலையன், ஒரு பார்வை பார்த்தேன். அதிலேயே கக்கிவிட்டான். மாமா அதே மாதிரி ஒண்ணு வேணும்னு கேட்டாரு, நான் எப்படிக்கா முடியாதுன்னு சொல்றது என்று பல்லைக் காட்டினான்.

அவர் எதையும் ஒளிக்கிற இடம் எனக்குத் தெரியாதா, வீட்டுக்கு வந்து ஓடாத பழைய ரேடியோவின் முதுகைக் கழற்றினேன். உள்ளே நான் செய்த சுங்கான். கூடவே நீ பாசத்தோடு அனுப்புகிற காப்பிப்பொடி டப்பா. எனக்குக் காப்பி ஆகாது, அதனால் திறக்க மாட்டேன் என்று அப்பாவும் மகளும் என்ன அழகாகத் திட்டம் போட்டிருக்கிறீர்கள். திறந்தேன் தாயே. புகையிலையில் யாரும் காப்பி போட்டு நான் பார்த்ததில்லை, நீ போட்டால் எழுது.

ஒன்று சொல்கிறேன், சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. அந்தச் சுங்கான் அவ்வளவு அழகாக இருந்தது. காம்பிலிருந்து தேன் நிறம் மேலே ஏறி, தாடியில் பழுப்பாகி, நெற்றிக்கு வரும்போது இளமஞ்சளாக மங்கியிருந்தது. நான் செய்கிறதெல்லாம் வெள்ளையாகவே விற்றுப் போய்விடும், என் கைவேலை நிறம் ஏறி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டேன். சுங்கானையும் டப்பாவையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். உன் வேலை நிறம் ஏறாம வெள்ளையாவே கெடக்கக் கூடாதுன்னுதான் என்று இழுத்தார், கலைக்காக உயிரை விடுகிறாராம் துரை. நிறம் ஏறின சுங்கானைப் பாத்துக்கிட்டு நான் தனியா உக்காந்திருக்கணுமா என்று கேட்டேன். எழுந்துபோய் டப்பாவைக் குப்பையில் கொட்டி, மேலே தண்ணீரும் ஊற்றிவிட்டு வந்தார். நேற்று பட்டறைக்கே வந்து என் மேஜை ஓரத்தில் நின்றார். இன்னொண்ணு செஞ்சு குடு, ஆனா அதுல புகை போற ஓட்டை போட்டுடாத, எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இப்போது அதைத்தான் செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். அப்பா போனில் குழைந்தால் உனக்கு மனசு தாங்காது, அதுவும் தெரியும். எனக்கு அவர் வேண்டும், அவ்வளவுதான். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனநிறைவோடு நீடூழி வாழவேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அவர் மறுபடியும் உன்னிடம் கேட்பார், இந்த வாரமே கேட்பார். முடியாதுப்பா என்று சொல்லப் பழகிக்கொள். அவரிடம் முடியாது என்று சொல்ல நான் ஒருத்தி போதவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா