ரெப்போ சொல்லாமல் போன அப்பாவுக்கு

அப்பா,

இன்று சாயங்காலம் வீடெல்லாம் ஷூ பாலிஷ் வாடை. உங்கள் பேத்தி லீனா, நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறது அம்மா, என் ஷூவுக்கு நானே பாலிஷ் போடுகிறேன் என்று உட்கார்ந்து, டப்பாவைக் கவிழ்த்து, புதிதாக வெள்ளையடித்த சுவரில் கையை அப்பி வைத்திருந்தாள். ஆறு வயதுக் குழந்தை. வாடை மூக்கில் ஏறியது மட்டும்தான் எனக்குத் தெரியும். மரக்கட்டை பிரஷ் என் கைக்கு எப்படி வந்தது, எப்போது தலைக்கு மேலே போனது, தெரியாது. என் வாயிலிருந்து உங்கள் குரல் வந்தது.

"கார்தவூ!"

அந்த வார்த்தையை அவள் அதுவரை கேட்டதே இல்லை. நான் வாய் தவறிக்கூடச் சொன்னதில்லை. ஆனாலும் காலிரண்டையும் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு விறைத்து நின்றுவிட்டாள். யாரும் சொல்லித்தராமல் ஒரு பிள்ளைக்கு அது எப்படி வருகிறது அப்பா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். நீங்கள்தான் பதில் சொல்ல முடியாத இடத்தில் சௌகரியமாகப் படுத்திருக்கிறீர்களே.

உப்பளம் பேட்டையில் நம் வீட்டைச் 'சொல்தா வூடு' என்பார்கள், சிப்பாய் வீடு. பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் பதினைந்து வருஷம் இருந்து பென்ஷனோடு வந்தவர் நீங்கள். பட்டாளம் உங்களை விட்டது, நீங்கள்தான் அதை விடவில்லை. 'கார்தவூ' என்றால் நேரே நில், மூச்சுகூடச் சத்தமாக விடாதே. 'ரெப்போ' என்றால் போதும், தளர்ந்துகொள். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் நானும் தம்பி அந்துவானும் வளர்ந்தோம். முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் இடையே உங்கள் இடுப்புப் பட்டை பேசும். பித்தளைக் கொக்கி உள்ள பக்கமா, தோல் பக்கமா என்பது அன்றைக்கு உங்களுக்கு வந்த கோபத்தைப் பொறுத்தது. அழக்கூடாது. துடைக்கக்கூடாது. ரெப்போ வரும்வரை அசைந்தால் மறுபடி முதலிலிருந்து.

பிரெஞ்சுக்காரர்களின் தேசியத் திருநாள் ஜூலை பதினாலு வந்தால் உங்கள் ஷூவுக்கு நாங்கள்தான் பாலிஷ். மெடல் குத்திக்கொண்டு ஊர்வலத்துக்குப் போவீர்கள். ஷூவில் உங்கள் முகம் தெரியவேண்டும். தெரியாத வருஷங்களில் எங்கள் முகம் வீங்கியிருக்கும். பக்கத்து வீட்டு அக்கா மதில்மேல் எட்டிப் பார்த்து, "சொல்தா வூட்ல இன்னிக்கும் பூசையா?" என்று சிரிப்பாள். அவளுக்கு அது வேடிக்கை. "அடி உதவுறாப்ல அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்று நீங்கள் அவளுக்குப் பழமொழி சொல்வீர்கள். அதை நீங்கள் சொல்லாத வாரம் உண்டா?

அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன். எனக்கு இருபது வயது, கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அப்போதும் நீங்கள் கூப்பிட்டால் நிற்பேன், என்ன வெட்கக்கேடு! அந்துவானுக்குப் பதினெட்டு. அவனைப் பட்டாளத்துக்கு அனுப்புவதென்று அவன் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டீர்கள். அவன் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் மெதுவாகச் சொன்னான், "நான் போவலப்பா. மேட்டுப்பாளையத்துல ஒரு கம்பெனில வேல சொல்லியிருக்காங்க. போறேன்."

"மிஷின் தொடைக்கவாடா உன்னப் பெத்தேன்? கார்தவூ!"

இரண்டு பேரும் நின்றோம். நீங்கள் அவனை மட்டும்தான் கூப்பிட்டீர்கள், ஆனால் என் காலும் தானாகச் சேர்ந்துகொண்டது. கொக்கி அவன் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கலாமென்று என் கை ஒரு விரற்கடை எழுந்தது. "கை அசையுதா? அசையுதாடீ?" அடுத்தது எனக்கு, மணிக்கட்டில். எலும்பில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. மறுபடி ஓங்கினீர்கள். ஓங்கிய கை மேலேயே நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மரம் சாய்கிற மாதிரி சாய்ந்தீர்கள்.

நாங்கள் அசையவில்லை.

தரையில் கிடந்து எங்களையே பார்த்தீர்கள். வாய் எதையோ மென்றது. அந்துவானின் ரத்தம் சட்டையில் சொட்டியது. அவன் எதிர்ச்சுவரையே பார்த்து நின்றான், நானும் நின்றேன். அடுப்பில் கறி தீய்ந்த வாடை வந்தபிறகுதான், கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே ஓடிவந்தாள்.

"ஐயோ, மனுஷன் வுழுந்து கெடக்கிறாரு, இன்னாடி பாத்துக்கினு நிக்கிறீங்க!"

அந்துவான் சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான், "அப்பா இன்னும் ரெப்போ சொல்லலியேம்மா."

"கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருந்தா பேச்சாவது மிஞ்சியிருக்கும்" என்று டாக்டர் சொன்னபோது அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கட்டும். அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை, இன்றும் படவில்லை. இருபது வருஷம் அடித்து அடித்துச் சொல்லிக்கொடுத்ததை ஒருநாள் ஒழுங்காகச் செய்தோம், அவ்வளவுதான். அண்ணன் தம்பி உதவமாட்டான் என்றீர்களே, உங்கள் அடியாவது உதவியதா அப்பா?

வலது கையும் வலது காலும் போனாலும் இடது கையால் தட்டைப் பறக்கவிட்டீர்கள். நானோ அந்துவானோ அறைக்குள் வந்தால் போதும், முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைக்க, "ரெ... ரெ..." என்று முக்குவீர்கள். அம்மா பதறிப்போய், "ரசமா? ரசம் கேக்கறாரு போலக்குது, கொண்டாடி!" என்பாள். ஊட்டினால் தட்டிவிடுவீர்கள். ஒருதரம் கொதிக்கக் கொதிக்க என் மேல் கொட்டியது. கொக்கி பட்ட அதே மணிக்கட்டில். "இன்னாதான் வேணும் உங்களுக்கு? வாயத் தொறந்து சொல்லுங்க!" என்று கத்தினேன். என் சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. ரசத்தின் காரம் பட்டுவிட்டது என்று அம்மா துடைத்துவிட்டாள்.

அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டீர்கள். கல்லறைத் திருநாள் வந்தால் அம்மா இன்றும் மெழுகுவர்த்தியோடு ஒரு டம்ளர் ரசமும் கொண்டுபோய் வைக்கிறாள். கடைசியாக ஆசைப்பட்டது அதுதானாம். உயிரோடிருந்தபோது நீங்கள் ரசத்தைத் தொட்டதே இல்லையே என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அந்துவான் மேட்டுப்பாளையத்திலேயே இருக்கிறான். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டான். லீனா பிறந்தபோது தூக்கச் சொன்னேன். "எங்கையாலயா? வாணாங்க்கா" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அவனுக்கு உங்கள் கையை நினைத்துப் பயம். எனக்கு உங்கள் குரல் வந்து சேர்ந்தது.

அந்தக் குரலுக்குத்தான் இன்று குழந்தை நின்றுகொண்டிருந்தாள். கறுத்த கை கவுனில் ஒட்டியிருந்தது. கண் எதிர்ச்சுவரில். உதடு நடுங்குகிறது, அழவில்லை. என் பிரஷ் இன்னும் மேலேயே இருக்கிறது. அதை இறக்கவேண்டும், அவளை விடவேண்டும். அதற்கு ஒரு வார்த்தை இருக்கிறது, எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

"ரெ... ரெ..."

அப்பா! என் வாயில் அதைக் கேட்டேன். கேட்டதும் பிரஷைக் கீழே போட்டுவிட்டு அந்தப் பாலிஷிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ரெப்போ" என்றேன். "ரெப்போடி என் கண்ணு, ரெப்போ."

"அப்டின்னா இன்னாம்மா?"

"போதும்னு அர்த்தம். கைய தொங்கவுடு."

அவள் தோள் இறங்கியது. அப்புறம்தான் அழுதாள், ஓவென்று. நானும்.

அவளைக் குளிப்பாட்டிவிட்டு அந்துவானுக்குப் போன் செய்தேன். பின்னால் மிஷின் சத்தம். "அந்து, அப்பா ரசம் கேக்கலடா" என்றேன். அதற்குமேல் நான் விளக்கவே இல்லை. அவன் மிஷினை நிறுத்தினான். பிறகு சொன்னான், "நமக்கா சொன்னாரு?"

"நமக்குத்தான்."

"இம்மாம் நாளா நின்னுக்கினே கீறேன்க்கா" என்றான். போனை வைத்துவிட்டான்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். மணிக்கட்டு இன்னும் மழை வந்தால் வலிக்கிறது. அம்மாவிடமும் சொல்லப்போவதில்லை, அவள் ரசம் வைக்கட்டும். நீங்கள் எனக்குத் தந்த இரண்டு சொல்லில் ஒன்று தானாகவே வாய்க்கு வந்துவிடுகிறது. மற்றதை நான் பழகவேண்டும். உங்களால் முடியாமல் போனதை, தினமும், வாய்விட்டு.

சற்றுமுன் லீனாவின் அறையை எட்டிப் பார்த்தேன். தூங்குகிறாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டியிருந்தது. மெதுவாகப் பிரித்து வைத்துவிட்டு வந்தேன்.